சக்கை என்று தள்ளாதீர்கள்!

வெண்டைக்காய் வாங்கப் போனால் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் நம்மில் யாராவது உண்டா? "இப்படி ஒடிச்சு ஒடிச்சுப் போட்டா நான் யாருக்கும்மா விக்கறது?" என்று காய்க்காரர் சத்தம் போடத்தான் செய்வார். நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. 'படக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து கொடுத்து நாராகத் தொங்கினால் முற்றல். இதை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா செய்ததைப் பார்த்தோம், நாமும் செய்கிறோம்.

அப்படி ஒடிக்கும்போது நாம் சோதிப்பது எதைத் தெரியுமா? காயின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி அந்தச் செடி எழுப்பியிருக்கும் சுவரை! நாம் 'நார்' என்றும் 'சக்கை' என்றும் ஒதுக்கித் தள்ளுவதும் அதே சுவரைத்தான்.

இந்தச் சுவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், எதிர் வீட்டுப் பெண். மூன்று வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு நாள் காலையில் வந்து நின்றாள். முகமே சரியில்லை.

"அக்கா, நாலு நாளா இவன் வெளிக்கே போகலை. உட்கார வெச்சா ஒரே அழுகை. பார்க்கவே பயமா இருக்கு."

"என்னம்மா சாப்பிடறான்?"

"பால்தான் நிறைய. ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு டம்ளர் குடிச்சிடுவான். பருப்பு சாதத்தை நெய் விட்டு மையாக் குழைச்சுக் கொடுக்கறேன். ஆரஞ்சு ஜூஸை ரெண்டு தடவை வடிகட்டிடுவேன். ஆப்பிள்னா தோலைச் சீவிடுவேன். கீரைன்னா தண்ணியை மட்டும் இறுத்துடுவேன். நாரு, சக்கை எதுவும் வயித்துக்குள்ளே போகாம அவ்வளவு ஜாக்கிரதையாப் பார்த்துக்கறேன் அக்கா!"

பாவம், அந்த ஜாக்கிரதைதான் வினையாகிவிட்டது. குழந்தைக்கு எது தேவையோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்து வடிகட்டிக் குப்பையில் கொட்டியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சக்கை என்றால் சாரம் போன பிறகு மிஞ்சும் வீண் சமாசாரம் என்றுதானே நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், அப்படித் தூக்கி எறிய மனசு வராது.

எலும்பு இல்லாத உடம்பு

1665ம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பாட்டிலை அடைக்கிற தக்கையை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தேன் கூடு மாதிரி அறை அறையாகத் தெரிந்தது. அந்த அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிருள்ள செல்லை அல்ல. உயிர் போன பிறகும் நின்றுகொண்டிருந்த சுவர்களைத்தான்!

நம் உடம்பிலும் செல்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு, சுவர் கிடையாது. நம்மைத் தாங்குவதற்கு எலும்பு இருக்கிறது. செடிக்கு ஏது எலும்பு? அதனால் செடியின் ஒவ்வொரு செல்லும் தன் சவ்வுக்கு வெளியே தானே ஒரு சுவரைக் கட்டிக்கொள்கிறது. கீரைத் தண்டு நிமிர்ந்து நிற்பதும், தென்னை மரம் புயலில் வளைந்து நிமிர்வதும் இந்தச் சுவரின் பலத்தால்தான்.

கிராமத்தில் மண் சுவர் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் குச்சிகளை நட்டு, குறுக்கே கயிற்றால் பிணைத்து, மேலே குழைத்த மண்ணை அப்புவார்கள். செடியும் ஏறக்குறைய இதே முறையில்தான் கட்டுகிறது. மூங்கிலின் இடத்தில் செல்லுலோஸ் என்ற உறுதியான இழைகள். கயிற்றின் இடத்தில் ஹெமிசெல்லுலோஸ். மண்ணின் இடத்தில் பெக்டின் என்ற பசை. பெக்டினை 1825ல் பிரகானோ என்பவரும், செல்லுலோஸை 1838ல் பாயன் என்பவரும் கண்டறிந்து சொன்னார்கள். இருவருமே பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள்.

மூன்றுக்கும் மூலப் பொருள் சர்க்கரை. இலை வெயிலில் தயாரிக்கும் அதே சர்க்கரைதான். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் குளுகோஸ், செல்லுலோஸும் குளுகோஸ். கோத்த விதம் மட்டுமே வேறு. ஒரே மல்லிகையைச் சரமாகவும் தொடுக்கிறோம், செண்டாகவும் கட்டுகிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தால், மாவுச்சத்தை வெட்டி ஜீரணிக்கும் நம் குடலால் செல்லுலோஸை வெட்ட முடிவதில்லை.

வாசலில் பிழியும் இடியாப்பம்

செல்லுலோஸ் தயாராகும் விதம் இருக்கிறதே, அதைக் கேட்டால் நமக்கு நம்முடைய இடியாப்ப அச்சுதான் ஞாபகம் வரும்!

செல்லின் மேல் சவ்வில் பூப்போன்ற ஆறு இதழ் வடிவில் குட்டிக் குட்டி இயந்திரங்கள் பதிந்திருக்கின்றன. உள்பக்கமிருந்து குளுகோஸை வாங்கி, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, சவ்வுக்கு வெளியே நூலாகத் தள்ளுகின்றன. ஒரு இயந்திரத்திலிருந்து பல சங்கிலிகள் - 18 இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு - ஒரே சமயத்தில் வெளிவந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இழையாகிவிடுகின்றன. அந்த இழையின் கனம் நம் தலைமுடியின் கனத்தில் சுமார் 20,000ல் ஒரு பங்கு!

நாம் இடியாப்பம் பிழியும்போது கையால் அச்சைச் சுற்றுகிறோம். இங்கே சுற்றுவதற்கு ஆள் இல்லை. வெளியே வரும் நூல் இறுகி நிற்பதால், அதன் உந்தலிலேயே இயந்திரம் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. எந்தப் பக்கம் நகர வேண்டும்? அதற்கும் ஏற்பாடு உண்டு. சவ்வுக்கு அடியில் நுண்குழல்கள் தண்டவாளம் போல அமைந்திருக்கின்றன. 2006ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடியில் இந்த இயந்திரங்களை ஒளிரச் செய்து, அவை தண்டவாளத்தை ஒட்டியே ஊர்ந்து போவதை உயிருள்ள செல்லிலேயே கண்ணால் பார்த்தார்கள். போகிற வேகத்தைக் கணக்குப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் நகர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அவ்வளவு நிதானம்!

வளர்கிற செல்லில் இழைகள் பீப்பாய்க்குப் போட்ட வளையம் போலச் சுற்றி விழுகின்றன. பக்கவாட்டில் வீங்க முடியாமல் செல் நீளவாக்கில் வளர்கிறது. தண்டும் வேரும் ஒல்லியாக நீண்டு வளர்வதன் ரகசியம் இதுதான்.

உள்ளே சமைத்து வெளியே அனுப்பும் பாகு

பெக்டின் விஷயம் அப்படியல்ல. இதை வாசலில் செய்ய முடியாது. செல்லுக்குள்ளேயே சமைத்து, பாத்திரத்தில் போட்டு, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

சமையலறையின் பெயர் கால்ஜி. 1898ல் இதை முதலில் விவரித்த இத்தாலிய மருத்துவர் கமில்லோ கால்ஜியின் பெயர்தான். அடுக்கி வைத்த தோசைகளைப் போலத் தட்டையான பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். செடியின் செல்லில் இப்படிப் பல அடுக்குகள் அங்கங்கே சிதறியிருக்கும். ஒரு இடத்தில் நிற்காமல் செல்லுக்குள் உலாவிக்கொண்டும் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சர்க்கரை சேர்கிறது, ஒரு கிளை வைக்கப்படுகிறது. கடைசித் தட்டுக்கு வரும்போது பெக்டின் தயார். ஹெமிசெல்லுலோஸும் இங்கேயேதான் தயாராகிறது.

தயாரான சரக்கு சின்னச் சின்னக் கொப்புளங்களில் அடைபட்டுச் சவ்வை நோக்கிப் போகிறது. கொப்புளம் சவ்வைத் தொட்டதும் அதோடு ஒன்றாகக் கலந்து, உள்ளே இருப்பதை வெளியே சுவரில் கொட்டிவிடுகிறது. முன்னே சொன்ன இடியாப்ப அச்சு இருக்கிறதே, அதுவும் கால்ஜியில்தான் பூட்டப்பட்டு, இதேபோல் பார்சலாக வாசலுக்கு வந்து சேருகிறது!

இங்கே ஒரு கேள்வி. பெக்டின் இறுகும் குணமுள்ளது. வழியிலேயே இறுகிவிட்டால்? மைசூர்பாகு கிளறுகிறவர்களுக்கு இந்தக் கவலை புரியும். தட்டில் கொட்டுவதற்குள் வாணலியிலேயே இறுகிப்போனால் எல்லாம் வீண்தான்! செடி அதற்கும் வழி வைத்திருக்கிறது. அனுப்பும்போதே பெக்டினின் கைகளுக்கெல்லாம் உறை போட்டாற்போல மீதைல் என்ற தொகுதிகளை மாட்டி அனுப்புகிறது. சுவருக்குப் போன பிறகு அங்கேயுள்ள ஒரு என்ஸைம் அந்த உறைகளைக் கழற்றும். உடனே சுண்ணாம்புச்சத்து வந்து இரண்டு பெக்டின் சரங்களின் கைகளைக் கோத்து வைக்கும். பசை இறுகிவிடும்.

ஒரு செல் இரண்டாகும்போது நடுவில் புதுச் சுவர் வேண்டுமே? அப்போது இந்தக் கொப்புளங்கள் எல்லாம் செல்லின் நடுவே கூடி ஒன்றாகக் கலந்து ஒரு தகடாகின்றன. தோசை மாவை நடுவில் விட்டு ஓரம் வரை இழுப்பதுபோல அந்தத் தகடு நடுவில் தொடங்கி விளிம்பு வரை பரவி, அறையை இரண்டாகத் தடுத்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டவைத்திருப்பது நடுவே உள்ள பெக்டின் படலம்தான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டும்.

பிஞ்சு முற்றலாகும்போது

வளர்ச்சி நின்றதும் சில செல்கள் முதல் சுவருக்கு உள்பக்கமாக இரண்டாவது சுவர் ஒன்றை எழுப்புகின்றன. அதில் செல்லுலோஸ் அதிகம். அதோடு லிக்னின் என்ற பொருளும் இறங்கும். செல் அதைத் துண்டு துண்டான சிறு பொருள்களாக வெளியே அனுப்ப, அவை சுவருக்குள்ளேயே ஒன்று சேர்ந்து கெட்டியாகிவிடும். சிமெண்ட் மாதிரி! வெண்டைக்காய் ஒடியாமல் வளைவது இதனால்தான். லிக்னின் ஏறிய நாரை எத்தனை நேரம் வேகவைத்தாலும் குழையாது. ஆகவே முற்றல் காயை வாங்கிவிட்டு அடுப்பையும் குக்கரையும் திட்டுவதில் அர்த்தமில்லை.

நாம் கட்டியிருக்கும் நூல் புடவையும் இந்தக் கதையில் வரும். பருத்தியின் ஒவ்வொரு பஞ்சு இழையும் விதைத் தோலிலிருந்து வளர்ந்த ஒரே ஒரு செல்! இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கூட நீளும். நீண்டு முடிந்ததும் உள்ளே செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே போகும். காய் வெடிக்கும்போது செல் காய்ந்து உயிர் போய், சுவர் மட்டும் நிற்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸ். அதைத்தான் நூற்று, நெய்து, உடுத்துகிறோம்.

அந்த நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவையும் பயன்படுத்துவார்கள். அந்தப் பசை என்ன என்கிறீர்கள்? புளிய விதையின் செல் சுவரில் சேர்த்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ்!

அடுப்பங்கரையில் இதனால் என்ன லாபம்?

காய் வேகிறது என்றால், செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைகிறது என்று அர்த்தம். இது தெரிந்தால் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

புளி விட்ட பிறகு காய் ஏன் சீக்கிரம் வேகமாட்டேன் என்கிறது? புளிப்பில் பெக்டின் சுலபத்தில் கரையாது. அதனால்தான் முதலில் காயை வேகவைத்து, பிறகு புளி விடச் சொன்னார்கள் பெரியவர்கள். குழையவே கூடாது என்று நினைக்கும் காயைப் புளித் தண்ணீரிலேயே போடலாம்.

உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு ஏன் மணிக்கணக்கில் கல்லாக நிற்கிறது? அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச்சத்து, பெக்டினின் பிடியை இன்னும் இறுக்கிவிடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேலாக இறுத்து உபயோகித்தால் ஓரளவு குறையும். ஆப்பசோடா போட்டால் பருப்பு வெந்துவிடும். ஆனால் பி1 வைட்டமின் நஷ்டமாகும்.

ஆக்ராவில் பூசணிக்காயில் 'பேட்டா' செய்கிறவர்கள் துண்டுகளை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். பாகில் எத்தனை கொதித்தாலும் துண்டு கரையாமல் மொறுமொறுப்பாக நிற்பதற்கு இதே பிடிதான் காரணம்.

கொய்யாப்பழ ஜெல்லி அழகாக உறைவதும் பெக்டினால்தான். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் கண்ணாடி மாதிரி உறையும். பழம் ரொம்பக் கனிந்துவிட்டால் உறையாது. கனியும்போது பழமே தன் சுவரைக் கரைக்க ஆரம்பித்துவிடுகிறதே!

வயிற்றுக்குள் போன பிறகு

நம் குடல் சுவரை ஜீரணிக்காது என்றேன். பின்னே எதற்கு அதைச் சாப்பிட வேண்டும்?

ஜீரணமாகாததுதான் அதன் விசேஷம். செல்லுலோஸ் இழைகள் அப்படியே கீழே இறங்கி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்துக்குப் பருமனும் மிருதுவும் கொடுக்கின்றன. பெக்டினையும் ஹெமிசெல்லுலோஸையும் பெருங்குடலில் வாழும் நல்ல கிருமிகள் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. சில அமிலங்களைத் தயாரிக்கின்றன. அவற்றில் ப்யூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்புறச் செல்களுக்கே ஆகாரம்.

ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் பல வருஷம் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற டாக்டர், அங்கே தானியமும் கிழங்கும் காயுமாகச் சாப்பிடுகிறவர்களிடம் மலச்சிக்கலும் பல குடல் வியாதிகளும் அபூர்வமாக இருந்ததைக் கவனித்து, 1970களில் நார்ச்சத்தின் அவசியத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் 'சக்கை'க்கு மரியாதை வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொன்ன கணக்கு இது: நார்ச்சத்து, 2 முதல் 5 வயது வரை தினம் 15 கிராமாவது, 6 முதல் 9 வயது வரை 21 கிராமாவது, 10 வயதுக்கு மேல் 25 கிராமாவது வேண்டும். காய், பழமாகச் சொன்னால், 2 முதல் 5 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோவாவது. தராசை எடுக்க வேண்டாம். இரண்டு வேளையும் ஒரு கரண்டி காய் அல்லது கீரை, இரண்டு தடவை பழம், நடுவே ஒரு பிடி சுண்டல் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு வந்துவிடும்.

குழந்தைக்குக் கொடுக்கும்போது...

* ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். நார்ச்சத்து என்று எதையும் புகட்ட வேண்டாம்.

* ஆறு மாதத்துக்குப் பிறகு பறங்கி, காரட், வாழைப்பழம் என்று நன்றாக வேகவைத்தோ மசித்தோ கொடுங்கள். மசிக்கலாம், வடிகட்ட வேண்டாம்.

* ஜூஸ் பிழிந்தால் சுவர் முழுக்கச் சக்கையில் தங்கிவிடும். பல் முளைத்த குழந்தைக்குப் பழத்தையே சிறு துண்டாக, உட்கார வைத்துக் கொடுங்கள். பச்சைக் காரட் போன்ற கெட்டியான துண்டுகள் தொண்டையில் அடைக்கக்கூடும். சின்னக் குழந்தைக்கு வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

* நார் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகிவிடும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

* பால் நல்லதுதான். ஆனால் அதில் நார் துளிக்கூடக் கிடையாது. வயிறு முழுக்கப் பாலாக இருந்தால் குழந்தை வேறு எதைச் சாப்பிடும்? மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

* இஸப்கோல், பேதி மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வாந்தி, வயிறு உப்பி இறுகியிருத்தல், மலத்தில் ரத்தம், எடை குறைதல், அல்லது பிறந்ததிலிருந்தே சிக்கல் - இவற்றில் எது இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

எதிர் வீட்டுப் பெண்ணையும் நான் முதலில் டாக்டரிடம்தான் அனுப்பினேன். அவர் குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, அப்போதைக்கு ஒரு மருந்து கொடுத்து, "வியாதி ஒன்றுமில்லை, சாப்பாட்டை மாற்றுங்கள்" என்று சொல்லியனுப்பினார். அன்றைக்கே பாலை இரண்டு டம்ளராகக் குறைத்தாள். பருப்பு சாதத்தோடு கீரையை மசித்துச் சேர்த்தாள். ஜூஸ் நின்றது, கொய்யாவும் பப்பாளியும் வந்தன. காலையில் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் கதை சொல்லிக்கொண்டே உட்கார வைத்தாள். அழுகை உடனே நின்றுவிடவில்லை. பழைய வலியின் பயம் குழந்தைக்குப் போக வேண்டுமே! மூன்று வாரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு நாள் காய்க்காரர் வண்டியருகே அவளைப் பார்த்தேன். பையன் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வெண்டைக்காயை எடுத்துப் 'படக்'கென்று ஒடித்தான்.

"பிஞ்சும்மா!" என்றான்.

காய்க்காரர் திட்ட வாயெடுத்தவர், சிரித்துவிட்டார்.